கடைசிப் பெயர்

அத்தியாயம் 19

தங்க நிற அட்டையை ரிசப்ஷன் மேஜைமேல் நீட்டியபடி நின்ற எவாரிஸ்தோவைப் போன வாரம் அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். எழுபத்தொரு வயது மனிதர், ஒரு வாரமாகவா நிற்பார்? அந்த வெள்ளிக்கிழமை மாலையே கையை இறக்கிவிட்டார்.

"இது பழைய அட்டைங்க ஐயா. இன்னிக்கு ராத்திரியையும் சேர்த்து உங்களுக்கு ஐநூத்தி எழுபத்தி நாலு ராத்திரிதான் கம்ப்யூட்டர் காட்டுது. ஆயுள் விருந்தாளின்னா அறுநூறு வேணும்" என்றாள் மேஜைக்குப் பின்னால் இருந்த நொயேமி. சொல்லிவிட்டு இரண்டு பெப்பர்மிண்ட்டும் 118ஆம் நம்பர் அறையின் சாவியும் கொடுத்தாள்.

118 பின்கட்டில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ஹோட்டலின் சலவைக்கூடத்துச் சுவர்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே அங்கே இயந்திரங்கள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. ஒத்தீலியா கண்ணை மூடிப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கிழவா, கடல் சத்தம் பிரமாதமா இருக்கு."

"கிண்டல் பண்ணாத."

"நெஜமாத்தான். அலை வருது, போகுது, நடுவுல நின்னு தண்ணி பிழியுது."

எவாரிஸ்தோவுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அட்டையின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் மூன்று வரிகள்தான் உண்டு. காலியாக இருந்தால் கடல் பார்த்த அறை. இருவருக்குக் காலை உணவு. கிளம்பும் நாளில் மாலை நான்கு மணி வரை அறையில் இருக்கலாம்.

புதிதாக வந்த வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எவாரிஸ்தோ உகால்தே மொந்தியேல் இருபத்தாறு வருடம் மெடிக்கல் ரெப்பாக இருந்தவர். புயேப்லாவில் வீடு. மாதத்துக்கு ஒருமுறை மருந்துப் பெட்டியோடு மலை இறங்கி வெராக்ரூஸ் துறைமுகத்துக்கு வருவார். தங்குவது எப்போதும் மூன்று நங்கூரம் ஹோட்டல்தான். அவர் ஓய்வு பெற்றபோது பழைய முதலாளி, எங்கள் ஊர் மரியாதையில் 'தோன்' செஃபெரீனோ, தன் கையாலேயே அந்த ஆயுள் விருந்தாளி அட்டையைக் கொடுத்து, 'இனி இது உங்க வீடு, மனைவியைக் கூட்டிட்டு வாங்க' என்றார். பிறகு அவர் ஹோட்டலை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கண்ணை மூடினார். பழைய வாக்குறுதிகள் எல்லாம் காப்பாற்றப்படும் என்று கம்பெனி ஒரு கடிதம் போட்டது. எவாரிஸ்தோ அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.

ஒத்தீலியாவை மட்டும் கூட்டி வரவே இல்லை. ஓய்வுக்கு முன்பு பிள்ளைகளும் அவளுடைய நோட்டுப் புத்தகக் கடையும் விடவில்லை. ஓய்வுக்குப் பிறகு சோம்பல் விடவில்லை. நாற்பத்தைந்து வருட தாம்பத்தியத்தில் 'அடுத்த மாசம் போலாம்' என்று எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பதற்கு எந்தக் கம்ப்யூட்டரிலும் கணக்கில்லை.

இப்போது வந்ததற்குக் காரணம் கண். கண் அழுத்த நோயில் ஒத்தீலியாவின் வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் நடுவே ஒரு வட்டம் மட்டும் தெரிகிறது. திங்கட்கிழமை ஆபரேஷன். 'இருக்கிறதைக் காப்பாத்தப் பாக்கறோம்' என்று மட்டும் டாக்டர் சொன்னார். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஒத்தீலியா கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த ஹோட்டல் ஜன்னல்லேர்ந்து கடல் தெரியும்னு சொல்லுவியே, அதை எனக்குக் காட்டிடு."

அதனால்தான் 118இன் சுவரைப் பார்க்க எவாரிஸ்தோவுக்கு அவமானமாக இருந்தது.

காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் அவர்களுடைய மகள் யாதிரா ஏற்கெனவே இடம் பிடித்திருந்தாள். முப்பத்தெட்டு வயது. புயேப்லாவில் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் பதினாறு வருடமாகக் குமாஸ்தா. கார் ஓட்டி வந்ததும் அவள்தான், கோபத்தைக் கூட்டி வந்ததும் அவள்தான்.

"சாப்பாடு நமக்கு இலவசம் கெடையாதாம்ப்பா. கேட்டுட்டேன். அட்டை வெறும் அழகுக்காம்."

"சத்தம் போடாதம்மா."

"ஏன் போடக் கூடாது? உன் வாழ்க்கையில பாதிய இங்கதான் தூங்கியே கழிச்சிருக்க."

எவாரிஸ்தோ கரண்டியை எடுத்து எதிரில் இருந்த கண்ணாடி கிளாஸின் விளிம்பில் தட்டினார். டிங், டிங். துறைமுகத்தில் அதுதான் வழக்கம். கிளாஸின் அடியில் டிகாஷன் தயாராக இருக்கும், தட்டினால் பால் கெண்டியோடு ஆள் வருவார்.

ஒத்தீலியா முகத்தைச் சத்தம் வந்த பக்கம் திருப்பிச் சிரித்தாள். "இந்தச் சத்தத்துக்குத்தான் பொறந்தவன் நீ. ஒவ்வொரு தடவையும் ஊருக்குத் திரும்பின மறுநாள் என் சமையல்கட்டுலயும் தட்டுவியே."

"தட்டினேன். ஒரு நாளாவது பால் ஊத்தினியா?"

"என் வீட்டுல தட்டினா பால் வராது, திட்டுதான் வரும்."

கெண்டியோடு வந்த சர்வர் கிரிசாந்தோவுக்கு எப்படியும் எழுபது இருக்கும். வெள்ளைக் கோட்டு, வெள்ளை மீசை. கெண்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பாலை ஊற்றிக்கொண்டே எவாரிஸ்தோவின் முகத்தைப் பார்த்தவர் மலர்ந்துபோனார்.

"தோன் எப்ரைன்! எத்தனை வருஷமாச்சு உங்களப் பாத்து!"

எவாரிஸ்தோவின் கரண்டி மேஜைமேல் விழுந்தது. "எவாரிஸ்தோ" என்றார். "உங்களுக்கு வயசாயிடுச்சு கிரிசாந்தோ."

கிரிசாந்தோ ஒரு நொடி அவரையே பார்த்தார். "ஆமா, ஆமா. தோன் எவாரிஸ்தோ. கெழட்டு மூளை, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

"சித்தப்பா பேரை யாரு இவருக்குச் சொன்னா?" என்று யாதிரா சிரித்தாள்.

"எப்பவோ நான்தான் சொல்லியிருப்பேன்" என்றார் எவாரிஸ்தோ.

மூன்றாம் அத்தியாயத்திலிருந்து படிப்பவர்களுக்கு எப்ரைனை நினைவிருக்கும். எவாரிஸ்தோவின் ஒரே தம்பி. 1989இல் பக்கத்து அல்வராதோ துறைமுகத்திலிருந்து இறால் படகில் போனவன், வாடைக் காற்றில் படகு கவிழ்ந்து உடல்கூடக் கிடைக்கவில்லை. சவப்பெட்டி இல்லாமலே தேவாலயத்தில் பூசை வைத்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு நவம்பரிலும், இறந்தவர் நாளில், ஒத்தீலியா அவன் படத்துக்கு முன்னால் சாமந்தி பரப்பி, ரொட்டியும் ஒரு பாக்கெட் சிகரெட்டும் வைத்துப் படைக்கிறாள். கொழுந்தன் என்றாலும் அவள் சமையலை வாய் நிறையப் புகழ்ந்தவன் அவன் ஒருவன்தான். அந்த நன்றி அவளுக்கு இன்றும் போகவில்லை.

கிரிசாந்தோ போன பக்கம் முகத்தைத் திருப்பியபடி ஒத்தீலியா பாலாடையை ஊதிக் குடித்தாள்.

பத்து மணிக்கு மூவரும் ரிசப்ஷனுக்குப் போனார்கள்.

"கடல் பாத்த ரூம் காலியா இருக்கா இல்லையா?" யாதிரா நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"இருக்குங்க" என்றாள் நொயேமி. பொய் சொல்லத் தெரியாத பெண், அவளை எனக்குப் பிடிக்கும். "நாலாவது மாடியில மூணு காலி. ஆனா ஆயுள் விருந்தாளிக்குத்தான் மாத்தித் தர முடியும். ஹெட் ஆபீஸ்ல கேட்டுட்டு இதோ ஒரு நிமிஷத்துல சொல்றேன்."

'இதோ ஒரு நிமிஷத்துல' என்றால் எங்கள் நாட்டில் மதியத்துக்குள் என்று பொருள். மதியத்துக்கு மேலும் ஆகலாம். யாதிராவும் அரசாங்க அலுவலகத்தில் பதினாறு வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருப்பவள்தான், ஏமாறுவாளா?

"ஒரு நிமிஷம்லாம் வேணாம். கடிதம் இருக்கு பாருங்க. பழைய வாக்குறுதியெல்லாம் காப்பாத்துவோம்னு உங்க கம்பெனி எழுதினது."

"அக்கா, நானும் படிச்சேன். ஆனா மெஷின்ல ஐநூத்தி எழுபத்தி நாலுதான் இருக்கு."

அதுவரை சோபாவில் உட்கார்ந்திருந்த ஒத்தீலியா எழுந்தாள். மேஜை எங்கே இருக்கிறது என்று கையால் தடவிக் கண்டுபிடித்து அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

"மகளே, உன் மெஷின் சொல்றது தப்பு. இந்த மனுஷன் இங்க தூங்கின ஒவ்வொரு ராத்திரியும் நான் அங்க தனியாத் தூங்கினேன். கட்டில்ல சுவர்ப்பக்கம்தான் படுப்பேன். அவர் பக்கம் மெத்தை இன்னும் புதுசு மாதிரியே இருக்கு. அறுநூறுக்குக் கொறையாது. கணக்கு வெச்சது நான். அட்டை அவர் பேர்ல இருக்கு, அவ்வளவுதான்."

நொயேமி தலையைக் குனிந்துகொண்டாள். எவாரிஸ்தோ தரையைப் பார்த்தார்.

"பேரு என்னன்னு போட்டுத் தேடினீங்க?" யாதிரா திடீரென்று கேட்டாள்.

"உகால்தே."

"வேற எதுவும் போட்டுப் பாக்கலையா?"

"கட்டம் ஒண்ணுதான் இருக்குக்கா. கடைசிப் பெயர்னு."

"கடைசிப் பெயர்" என்று யாதிரா மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "இந்த மெஷின் எங்கேர்ந்து வந்தது? அமெரிக்காவா?"

"ஆமா."

யாதிரா நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். எங்களுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர். முதலில் அப்பாவுடையது, அதற்குப் பின்னால் அம்மாவுடையது. ஆளைக் கூப்பிடுவது அப்பாவுடையதை வைத்து. அமெரிக்காக்காரர்களுக்கு ஒன்றுதான். அதுதான் அவர்களுக்குக் கடைசி.

"எங்க ஆபீஸ்லயும் இதே கூத்துதான். பாதி ஊரு அம்மா பேர்ல பதிவாகிப் போச்சு. மொந்தியேல்னு அடிச்சுப் பாருங்க."

நொயேமி அடிக்கவில்லை. அவள் முகம் சிவந்துபோயிருந்தது.

"அக்கா, அது நான்தான்" என்றாள் சின்னக் குரலில். "கம்பெனி வாங்கினப்போ, பெட்டி பெட்டியா இருந்த பழைய விருந்தாளிப் பதிவுச் சீட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொன்னாங்க. நான் அப்பதான் வேலைக்குச் சேந்தேன். கடைசிப் பெயர்னு கேட்டுச்சு. கடைசியா எது இருந்துச்சோ அதை அடிச்சேன். ஒரு பெட்டி முடிச்சப்புறம்தான் மேனேஜர் பாத்துட்டுக் கத்தினாரு."

"அடிச்சதத் திருத்தினியா?"

"இதோ திருத்தறேன்னுதான் சொன்னேன். அதுக்குள்ள அடுத்த வேலை வந்துடுச்சு."

யாதிராவுக்குக் கோபம் போய்விட்டது. இதே வாக்கியத்தை அவளும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

நொயேமி அடித்தாள். திரையில் வரிசையாக வந்தது. "எ. மொந்தியேல். பதினாலு தடவை. மொத்தம் இருபத்தெட்டு ராத்திரி."

"ஐநூத்தி எழுபத்தி நாலும் இருபத்தெட்டும்?"

"அறுநூத்தி ரெண்டு!" நொயேமியே கத்திவிட்டாள்.

எல்லோரும் எவாரிஸ்தோவைப் பார்த்தார்கள். சண்டைக்காக லேமினேட் செய்த கடிதத்தோடு மலை இறங்கி வந்தவர். அவர் முகத்தில் துளி சந்தோஷம் இல்லை.

"விட்டுடும்மா" என்றார். "118 நல்லாத்தான் இருக்கு."

"அப்பா! நல்லாருக்கா? சுவத்தப் பாத்துட்டா?"

"எதுக்குப் பழசையெல்லாம் கெளறிக்கிட்டு? ஒரு ராத்திரிதானே." ஜேபியில் கையை விட்டார், எடுத்தார். "நான் போய் அம்மாவுக்குக் கண் மருந்து வாங்கிட்டு வந்துடறேன்."

கதவு ஆடி நின்றது. ஒத்தீலியா தன் கைப்பையைத் தொட்டுப் பார்த்தாள். கண் மருந்து அதில் பாதிக்கு மேல் இருந்தது.

"ஹெட் ஆபீஸ் ஒண்ணு கேப்பாங்க" என்றாள் நொயேமி. "ஒவ்வொரு தேதியும் இவருதுதான்னு உறுதி சொல்லணும். குடும்பத்துல யாராவது பாத்துச் சொன்னாப் போதும், ஐயா சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போடட்டும். டைரி, நோட்டு ஏதாவது இருக்கா?"

"எல்லாத்தையும் ஓய்வு பெத்த அன்னிக்கே எரிச்சுட்டாரு" என்றாள் யாதிரா.

"தேதியப் படி" என்றாள் ஒத்தீலியா. "நான் சொல்றேன்."

ஹாலில் காற்று நுழையும் மூலையாகப் பார்த்து இருவரும் உட்கார்ந்தார்கள். யாதிரா காகிதத்தை எடுத்தாள்.

"1993, மார்ச் ஒம்போது, பத்து."

"உனக்கு அம்மை போட்டிருந்துச்சு. இந்த ஹால்லேர்ந்துதான் போன் பண்ணினாரு. 'சொறியக் கூடாதுன்னு சொல்லு'ன்னாரு. நீ போன்லயே சொறிஞ்ச."

"1994, ஆகஸ்ட் இருபத்திமூணு, இருபத்திநாலு."

"பள்ளிக்கூடம் தெறக்கற நேரம். கடையில கூட்டம் தெருவரைக்கும். ஊர்ப் பிள்ளைங்க நோட்டுக்கெல்லாம் ஒத்த ஆளா அட்டை போட்டேன். விரலெல்லாம் பசை. அவர் வந்து தேங்கா மிட்டாய் குடுத்தாரு, பசையோடவே தின்னேன்."

"1995, மே பத்து, பதினொண்ணு."

"அன்னையர் தினம்! புயேப்லாவுலயே அன்னிக்கு ஊர்ல இல்லாத ஒரே புருஷன். நீயும் உன் அண்ணனும் முட்டை பொரிச்சுக் குடுத்தீங்க. ஓடெல்லாம் உள்ள."

யாதிரா சிரிக்கச் சிரிக்க டிக் போட்டுக்கொண்டே வந்தாள். அம்மாவின் தலைக்குள் இத்தனை வருடமும் ஒரு தூசுகூடப் படியாமல் இருப்பதை அவள் அறிந்ததே இல்லை. அப்பாவின் பயணங்கள் அவளுக்கு ஒரு மருந்து வாசனைப் பெட்டி வெளியே போய் உள்ளே வருவது, அவ்வளவுதான். அந்த நாட்களெல்லாம் அம்மாவுக்கு நடந்துகொண்டிருந்தன என்று இப்போதுதான் உறைத்தது.

"1999, ஜூன் பதினாலு. ஒரு ராத்திரி மட்டும் இருக்கே?"

"மறுநாள்தான் பூமி ஆடுச்சு" என்றாள் ஒத்தீலியா. "கடைக் கண்ணாடியெல்லாம் நடுத் தெருவுல. போன் செத்துப்போச்சு. இங்கேர்ந்து துணிமணி எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்தாரு. வாசல்ல மருந்துப் பெட்டியோட நின்னுட்டு, 'எல்லாரும் இருக்கீங்களா, எல்லாரும் இருக்கீங்களா'ன்னு கேட்டுட்டே இருந்தாரு. எங்க மூணு பேரையும் கண்ணால பாத்துட்டே கேட்டாரு. அன்னிக்குத்தான் அவர மொத்தமா மன்னிச்சேன்."

"எதுக்கு மன்னிச்ச?"

"அதுக்கு முன்னாடி எல்லாத்துக்கும்."

யாதிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்கு வந்தாள். "இது வரிசை மாறி இருக்கு. 1996, அக்டோபர் எட்டு, ஒம்போது, பத்து. மூணு ராத்திரி."

ஒத்தீலியா கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டாள்.

அக்டோபர் ஒன்பது அவளுடைய பிறந்தநாள். அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் கடைப் பரணிலிருந்து பெட்டி இறக்கும்போது ஏணி சறுக்கி எவாரிஸ்தோவின் கால் முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பிறந்தநாள் அன்று அவர் அந்தக் காலை அவள் மடியில் வைத்துக்கொண்டு, கட்டின்மேல் பேனாவால் கேக் படம் வரைந்து, 'இந்த வருஷம் இதுதான்' என்றார். மணமானபின் அவர் நாள் முழுக்க வீட்டிலேயே இருந்த அவளுடைய மிகச் சில பிறந்தநாட்களில் அது ஒன்று. அதை அவள் எப்படி மறப்பாள்?

யாதிராவுக்கு அப்போது பதினாறு. பதினாறு வயதுக்காரிக்கு அப்பாவின் கால் எந்த வருடம் உடைந்தது என்பதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது?

"அம்மா? ஞாபகம் வரலையா?"

எ. மொந்தியேல். எவாரிஸ்தோ என்றாலும் எ. தான், எப்ரைன் என்றாலும் எ. தான். அண்ணனுக்கும் தம்பிக்கும் அப்பா ஒன்று, அம்மா ஒன்று, பின்னால் வரும் இரண்டு பெயரும் ஒன்று.

"வருது" என்றாள் ஒத்தீலியா. "டிக் போட்டுக்கோ. அடுத்ததப் படி."

மீதி வரிகளுக்கும் அவள் பதில் சொன்னாள். ஆனால் கதை எதுவும் சொல்லவில்லை.

பகல் ஒரு மணிக்கு நொயேமியே 407ஆம் நம்பர் சாவியை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். ஜன்னல் கதவை அகலத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒத்தீலியாவை உட்கார வைத்தாள்.

"ஐயாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்கம்மா. நாளைக்குக் காலைச் சாப்பாடு ரெண்டு பேருக்கு. நாலு மணி வரைக்கும் யாரும் கதவத் தட்ட மாட்டாங்க."

"உன் கை நல்ல கைம்மா. தப்பாவே அடிச்சாலும் நல்லதுக்குத்தான் அடிச்சிருக்கு" என்றாள் ஒத்தீலியா. நொயேமிக்கு அது புரிந்திருக்க நியாயமில்லை.

யாதிரா சாமான்களை எடுத்து வரக் கீழே போனாள். ஒத்தீலியா தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, கண்ணில் மிச்சமிருந்த அந்தச் சின்ன வட்டத்துக்குள் கடலைக் கொண்டுவந்தாள். முதலில் வெறும் வெளிச்சம். பிறகு நீலம். பிறகு அதன்மேல் மெதுவாக நகரும் ஒரு கப்பல். அவர் போனில் சொன்னதெல்லாம் நிஜம்தான். கப்பல் வளைவுக்குப் பின்னால் மறையும்வரை பார்த்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. இருபத்தாறு வருடம் கேட்டு வைத்திருந்த கடல் அவளுக்குக் கிடைத்துவிட்டது.

கதவு திறந்தது. எவாரிஸ்தோ கண் மருந்துப் பொட்டலத்தோடு நின்றார். வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது.

"ரூம் குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க. வா, உக்காரு. மேஜைமேல காகிதம் இருக்கு. ஒவ்வொரு ராத்திரியும் என்னுதுதான்னு நீ கையெழுத்துப் போடணுமாம்."

எவாரிஸ்தோ காகிதத்தை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். ஒரு வரியில் அவர் விரல் நின்றது. அதை ஒத்தீலியாவால் பார்க்க முடியவில்லை. ஆனால் அவர் மூச்சு நின்றது அவளுக்குக் கேட்டது.

"கிழவா, அறுநூத்தி ரெண்டுல மூணு போனா எவ்வளவு?"

அவர் காகிதத்தைத் திரும்ப மேஜைமேல் வைத்தார்.

"ஐநூத்தித் தொண்ணூத்தொம்போது. நான் கீழேயே கணக்குப் போட்டுட்டேன். இன்னிக்கு ராத்திரியும் இங்க தூங்கினா அறுநூறு. அந்தப் பொண்ணுகிட்ட நாம பொய் சொன்னதாகாது. அதனால அந்த மூணு ராத்திரிய அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடு."

"ஒத்தீலியா..."

"உன் கால் என் மடியில இருந்துச்சு. எ. மொந்தியேல்ங்கற பேரு மட்டும் இங்க வந்து தங்கியிருக்கு."

வெளியே ஏதோ கப்பல் சங்கு ஊதியது. நீண்ட நேரம் ஊதியது. எவாரிஸ்தோ பேனா மூடியைக் கழற்றினார். காகிதத்தின்மேல் பேனா ஒரே கோடாக ஓடிய சத்தத்தை ஒத்தீலியா கேட்டாள். அதற்குப் பிறகு கையெழுத்தின் சத்தம்.

அவள் நாற்காலியைப் பிடித்து, கடலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அவர் முகம் அந்த வட்டத்துக்குள் வரும்வரை தலையைச் சாய்த்தாள்.

"வேற எதையும் இப்பக் கேக்கல. எங்க இருக்கான், ஏன் மறைச்சீங்க, எதையும் கேக்கல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அடுத்த வாரம் நவம்பர் பொறக்குது. இருபத்தெட்டு வருஷமா அவன் படத்துக்கு ரொட்டியும் சிகரெட்டும் வெச்சு அழுதிருக்கேன். இந்த வருஷம் வெக்கணுமா, வேண்டாமா?"

எவாரிஸ்தோ கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"வேண்டாம்" என்றார்.